பெயர் வெட்டாத பாத்திரம்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

சூப்பர் ஹீரோ கிளைத் தொடர்களைத் தூக்கி நிறுத்துவது புகழ்பெற்ற நாயகர்களா, யாரும் அறியாத பாத்திரங்களா என்பது இன்றைய தலைப்பு. ஒரு படத்திலிருந்தோ ஒரு தொடரிலிருந்தோ கிளை விட்டு வளரும் இன்னொரு தொடர், ஸ்பின்-ஆஃப் என்கிறோமே, அதைப் பற்றிய வழக்கு இது. காமிக்ஸின் ஏதோ ஒரு பழைய இதழில் எட்டிப் பார்த்துவிட்டு மறந்துபோனவர்களுக்காகப் பேச நான் வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு கணக்குச் சொன்னார். சூப்பர்மேன், பேட்மேன் என்று பெயர் போட்டால் உலகமே உட்கார்ந்து பார்க்கும், பீஸ்மேக்கர் என்று போட்டால் 'யார் அது' என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

நம் மொழியில் கதையில் வருகிற ஆளும் பாத்திரம்தான், அடுப்பில் ஏறுகிற அண்டாவும் பாத்திரம்தான். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் பக்கத்து வீட்டில் பெரிய பாத்திரங்களை இரவல் வாங்குவோம். விளிம்பில் அந்த வீட்டுக்காரர் பெயர் வெட்டியிருக்கும். வாங்கி வந்த நிமிடத்திலிருந்து அம்மாவுக்கு அதே கவலைதான். அடிபிடித்துவிடக் கூடாது, நெளிந்துவிடக் கூடாது, விசேஷம் முடிந்ததும் புளி போட்டுத் தேய்த்து, கொண்டுவந்தது போலவே திருப்பிக் கொடுக்க வேண்டும். சூப்பர்மேனும் பேட்மேனும் அப்படிப் பெயர் வெட்டிய பாத்திரங்கள். அவர்களுக்குச் சொந்தக்காரர் சினிமாப் பிரிவு. தொலைக்காட்சி எழுத்தாளருக்குக் கிடைப்பதெல்லாம் இரவல்தான்.

இரவல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? சூப்பர்கேர்ள் தொடரின் முதல் சீசனைப் பாருங்கள். 2015இல் வந்தது. கதாநாயகிக்கு அண்ணன் முறை சூப்பர்மேன். அந்த சீசன் முழுக்க அவர் முகம் தெரியாது. தூரத்தில் ஒரு நிழலாகப் பறப்பார், தங்கைக்குக் கணினியில் செய்தி அனுப்புவார், மயங்கிக் கிடக்கும்போது அவருடைய காலணி மட்டும் தெரியும். உலகத்திலேயே அதிகம் தெரிந்த முகத்தை ஒரு சீசன் முழுக்க மறைத்து வைத்தார்கள். ஆரோ தொடரில் இதைவிடக் கஷ்டம். சிறையில் இருக்கும் வில்லன்களை அரசாங்கம் ஆபத்தான வேலைக்கு அனுப்பும் கூட்டத்துக்குச் சூசைட் ஸ்குவாட் என்று பெயர். 2014இல் அந்தப் பெயரிலேயே ஒரு எபிசோடு வந்தது. அதில் அந்தக் கூட்டத்தின் புகழ்பெற்ற வில்லி ஹார்லி குவின் உண்டு. எப்படி? சிறைக் கதவுக்குப் பின்னால் இரட்டைச் சடையோடு முதுகைக் காட்டிக்கொண்டு, குரல் மட்டும்! அப்புறம் அவர் அந்தத் தொடரில் வரவே இல்லை. அந்தக் கூட்டத்தின் குறி தவறாத கொலையாளி டெட்ஷாட்டும், அவர்களை ஆட்டுவிக்கும் அதிகாரி அமாண்டா வாலரும் ஓரளவு நிலைத்தார்கள், நன்றாகவும் இருந்தார்கள். 2016 ஆகஸ்டில் சூசைட் ஸ்குவாட் படம் திரைக்கு வந்தது. அதற்கு முன்பே தொடரில் டெட்ஷாட் ஒரு வெடிவிபத்தில் போய்விட்டார், வாலர் ஒரே குண்டில் செத்துப்போனார். அந்த வாலருக்கு ஒரு கடைசி வார்த்தை கூடக் கிடைக்கவில்லை. சொந்தக்காரருக்கு விசேஷம் வந்துவிட்டது, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். அந்த இரண்டு பேரையும் விரும்பிப் பார்த்தவள் நான். எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

இப்போது பரணில் கிடக்கும் பாத்திரத்துக்கு வருகிறேன்.

1966. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் டெர்பி என்ற ஊரில் சார்ல்டன் காமிக்ஸ் என்று ஒரு பதிப்பகம் இருந்தது. எழுதுகிறவர், வரைகிறவர்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பதற்குப் பெயர் போன இடம். அங்கே ஃபைட்டின் ஃபைவ் என்ற இதழின் 40ஆவது எண்ணில் ஜோ கில் எழுத, பாட் பாயட் வரைய, ஒரு புது ஆள் வந்தார். கிறிஸ்டோபர் ஸ்மித், சமாதானத் தூதர். தலையில் ஒரு விசித்திரமான கவசம். அமைதியின் மேல் அவருக்கு இருக்கும் பிரியம், அதற்காகச் சண்டை போடவும் தயங்காத அளவுக்கு. அவர்தான் பீஸ்மேக்கர். அடுத்த வருடம் தனி இதழ் கொடுத்தார்கள், 5 எண்ணோடு நின்றுவிட்டது. 1983இல் சார்ல்டனின் நாயகர்களை, சூப்பர்மேன், பேட்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் விலைக்கு வாங்கியது. அந்த நாயகர்களை வைத்து ஆலன் மூர் ஒரு கதை யோசித்தார். அந்தக் கதையில் ஆட்களின் கதி என்ன ஆகும் என்று பார்த்த டிசி ஆசிரியர்கள், இவர்களை விட்டுவிட்டுப் புது ஆட்களை உருவாக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் வாட்ச்மென் என்ற காமிக்ஸ். அதில் வரும் காமெடியனுக்கு மூலம் நம் பீஸ்மேக்கர். ஒரு மகத்தான கதையின் வாசல் வரை போய், உள்ளே விடப்படாமல் திரும்பி வந்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே 2021க்கு வாருங்கள். ஜேம்ஸ் கன் இயக்கிய தி சூசைட் ஸ்குவாட் படத்தில் ஜான் சீனா பீஸ்மேக்கராக வந்தார். படத்தில் அவர் நாயகன் கிடையாது. நல்ல மனிதரான ரிக் ஃபிளாக்கைக் கொன்றுவிடுகிறவர். அந்த ஆளை வைத்துத்தான், அந்தக் கொலையைச் செய்த கையை வைத்துத்தான், 2022 ஜனவரியில் 8 எபிசோடு கிளைத் தொடர் வந்தது. எட்டையும் கன்னே எழுதினார், கொரோனா முடக்கக் காலத்தில்.

அந்தத் தொடரில் என்னென்ன நடக்கிறது பாருங்கள். பீஸ்மேக்கரின் அப்பா ஒரு வெள்ளை இனவெறியர். சிறு வயதில் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் சண்டை போட வைத்து, சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர். அந்தச் சண்டையில் அண்ணன் இறந்துபோகிறான். தம்பியான பீஸ்மேக்கர் கையால் அடித்த அடி அது. வளர்ந்த பிறகும் அந்த அப்பாவின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று ஏங்கிக்கொண்டு அவர் வீட்டு வாசலுக்குப் போய் நிற்கிறான். கடைசியில் தன் கையாலேயே அப்பாவைச் சுட்டுவிடுகிறான். சுட்ட பிறகாவது விடுதலை கிடைக்கிறதா? கிடைக்கவில்லை. கடைசிக் காட்சியில் வாசலில் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் செத்துப்போன அப்பா வந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவால் உடைந்துபோன பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், இந்த மண்டபத்திலும் இருக்கலாம். அவர்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

நடுவர் அவர்களே, சூப்பர்மேனை வைத்து ஒரு கிளைத் தொடரில் இதைச் செய்ய முடியுமா? அவர் கையால் ஒரு நல்லவரைக் கொல்ல வைத்து, அவரைக் குற்ற உணர்ச்சியில் படுக்கையில் அழ வைத்து, பிறகு அப்பாவைச் சுட வைத்து, இதெல்லாம் மாறாது, இனி இவர் இப்படித்தான் என்று விட்டுவிட முடியுமா? அடுத்த வருடம் சினிமாவுக்கு அவர் வேண்டும். மதிய உணவுப் பெட்டியில் அவர் படம் போட வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரத்தை அவ்வளவு பெரிய நெருப்பில் யாரும் வைக்க மாட்டார்கள். பீஸ்மேக்கரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதனால் அவருக்கு நிஜமாகவே ஏதோ ஒன்று நடக்க முடிந்தது. என் வாதத்தின் உயிர் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் இதற்குச் சாட்சிகள்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். இதெல்லாம் பிரியத்தாலா நடக்கிறது, பெரிய ஆட்களை சினிமா எடுத்துக்கொண்ட பிறகு பந்தியில் மிஞ்சியதைத்தானே தொலைக்காட்சிக்குப் பரிமாறுகிறார்கள் என்றார். நல்ல கேள்வி. கட்டாயம் இருந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. கட்டாயத்தில் தொடங்கியது எங்கே போய் நின்றது என்று மட்டும் பார்ப்போம்.

லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ என்று ஒரு தொடர், 2016 ஜனவரியில் தொடங்கியது. ஆரோ, தி ஃபிளாஷ் என்ற இரண்டு தொடர்களிலும் துணைக்கு நின்றவர்களையும், எதிரில் நின்ற இரண்டு திருடர்களையும் காலத்தில் முன்னும் பின்னும் பயணிக்கும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். முதல் சீசனில் வாண்டல் சாவேஜ் என்ற வில்லனைத் துரத்திக்கொண்டே இருந்தார்கள், எனக்கே அலுப்பாக இருந்தது. பெரிய நாயகர்கள் செய்கிற வேலையை இவர்களும் செய்ய முயன்ற சீசன் அது. பிறகு அதை விட்டுவிட்டார்கள். அந்தத் திருடர்களில் ஒருவர் மிக் ரோரி, காமிக்ஸில் ஹீட் வேவ் என்ற பெயரில் 1963இலிருந்து ஊர் ஊராகத் தீ வைத்துக்கொண்டிருந்தவர். இந்தத் தொடரில் அவர் கப்பலின் ஒரு மூலையில் பழைய தட்டச்சு எந்திரத்தோடு உட்கார்ந்து, ரெபெக்கா சில்வர் என்ற புனைபெயரில் காதல் நாவல் எழுதுகிறார்! சிரிப்பதற்காக மட்டும் வைத்த விஷயம் என்று நினைக்காதீர்கள். நெருப்பைத் தவிர வேறு எதையும் நேசிக்கத் தெரியாத ஒரு முரடன், மனசுக்குள் இருந்ததைச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்த கதை அது. பேட்மேனின் எதிரி ஜோக்கருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்குமா?

இதே தொடரில் இன்னொருவர், ரே பால்மர், ஆட்டம், அதாவது அணு என்ற பெயர் கொண்ட சிறிய மனிதர். நடித்தவர் பிராண்டன் ரூத். 2006இல் சினிமாவில் சூப்பர்மேனாக நடித்த அதே மனிதர். எந்தப் பெயர் உலகத்தையே உட்கார வைக்கும் என்று எதிரணித் தலைவர் சொன்னாரோ, அந்தப் பெயரில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு படம். எறும்பு அளவுக்குச் சுருங்குகிற ஒரு வேடத்தில் அவர் பல வருடம் வாழ்ந்தார், சிரித்தார், கல்யாணம் செய்துகொண்டு கப்பலை விட்டு இறங்கினார். அந்த வழியனுப்பு எபிசோடைப் பார்த்துவிட்டு நான் அழுதேன். தொடர் மொத்தம் 7 சீசன், 110 எபிசோடு. பந்தியில் மிஞ்சியது என்றாரே சகோதரி, 110 இலை போட்டுப் பரிமாறியிருக்கிறார்கள் அம்மா.

ஏஜெண்ட்ஸ் ஆஃப் ஷீல்டு பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013இல் அவெஞ்சர்ஸ் படத்தின் நிழலில், ஷீல்டு என்ற உளவு அமைப்பைப் பற்றித் தொடங்கிய தொடர். முதல் சீசனின் பெரும்பகுதி அடுத்த கேப்டன் அமெரிக்கா படம் வரட்டும் என்று காத்துக்கொண்டே இருந்தது. 2014 ஏப்ரலில் அந்தப் படம் வந்து அந்த அமைப்பின் ரகசியம் உடைந்த பிறகுதான் தொடருக்கு மூச்சு வந்தது. பெரிய பெயரோடு கட்டிப் போட்டால் கிளை எப்படி வாடும் என்பதற்கு அந்த முதல் சில மாதங்களே போதும். அதற்குப் பிறகு டெய்சி ஜான்சன் போன்ற, காமிக்ஸ் வாசகர்களில் பலரே கவனித்திராத ஆட்களைத் தன் சொந்தமாக்கிக்கொண்டு 2020 வரை ஓடியது.

இனி எதிரணியின் மிக வலுவான வாதம். மூன்றாவதாகப் பேசிய நண்பர் சொன்னார், நீங்கள் அறியாத பாத்திரங்களை வாழ வைக்கவில்லை, அவர்கள் பெயரை உரித்து எடுத்துக்கொண்டு உள்ளே வேறு ஆளை வைக்கிறீர்கள் என்று. விஜிலாண்டி என்ற முகமூடிக்காரரை உதாரணம் காட்டினார். அவர் சொன்னது சரியான தகவல். மார்வ் வுல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரெஸும் உருவாக்கிய ஏட்ரியன் சேஸ்தான் அந்த விஜிலாண்டி, ஒரு அரசு வழக்கறிஞர். மனைவியும் பிள்ளைகளும் குண்டுவெடிப்பில் போய்விட, சட்டத்தின் மேல் நம்பிக்கை இழந்து முகமூடி மாட்டியவர். 1988இல் விஜிலாண்டி இதழின் 50ஆவது எண்ணில் தன் வாழ்க்கையைத் தானே முடித்துக்கொள்கிறார். அமெரிக்கக் காமிக்ஸில் அவ்வளவு இருட்டான முடிவு அபூர்வம். பீஸ்மேக்கர் தொடரில் அதே பெயரில் வருகிறவர், உணவகத்தில் மேசை துடைக்கும் ஒரு வெள்ளந்தியான பையன். உற்சாகமாகக் கொலை செய்கிறான். நண்பரே, பழைய ஏட்ரியன் சேஸை நேசித்த வாசகருக்கு இது வலிக்கும். அந்த வலியை நான் மதிக்கிறேன். அந்த ஒரு பாத்திரத்தில் நீங்கள் சொல்வது சரி என்று இந்த மேடையிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு மரத்தை வைத்துத் தோப்பையே தீர்மானிக்காதீர்கள். பீஸ்மேக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988இல் பால் கப்பர்பெர்க் எழுதிய 4 இதழ்க் கதையில்தான் கிறிஸ்டோபர் ஸ்மித்தின் அப்பா ஒரு நாஜி என்று வந்தது. அந்த அப்பாவின் குரல் மகனை விடாமல் துரத்தும். அந்தக் கதையை அன்றைக்கு எத்தனை பேர் படித்திருப்பார்கள்? முப்பது வருடம் யாரும் தண்ணீர் ஊற்றாத விதை அது. கன் அந்த விதையைத்தான் எடுத்து, ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் இன்றைய ஒரு சிற்றூர் வீட்டுக்கு மாற்றி நட்டார். வாசலில் உட்காரும் அந்த அப்பா வானத்திலிருந்து வரவில்லை. பழைய இதழைத் தேடிப் படித்த ஒருவர் எழுதிய காட்சி அது. ஜோ கில் 2006இல் இறந்தார், பாட் பாயட் 2000இல். இருவருமே இதைப் பார்க்க இல்லை. அவர்கள் குறைந்த கூலிக்கு அவசர அவசரமாகச் செய்த ஒரு வேலையை, இத்தனை வருடம் கழித்து ஒருவர் இவ்வளவு கவனமாக எடுத்துப் படித்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதே நண்பர் இன்ஹியூமன்ஸ் தொடரையும் எடுத்து வைத்தார். அறியாத பாத்திரங்கள்தானே, 2017இல் 8 எபிசோடோடு முடிந்துபோனதே என்றார். ஆமாம், முடிந்தது, முடிய வேண்டியதுதான். அந்தத் தொடரில் மெடூசா என்று ஒரு அரசி. அவளுடைய சக்தியே நீண்ட சிவப்புக் கூந்தல், கை போல இயங்கும். முதல் எபிசோடிலேயே அவள் தலையை மொட்டையடித்துவிட்டார்கள்! முதலில் சினிமாவாக அறிவித்து, பிறகு தொலைக்காட்சிக்குத் தள்ளி, முதல் இரண்டு எபிசோடை ஐமேக்ஸ் திரையரங்கில் போட்டு, பெரிய பெயர்களுக்குச் செய்கிற மரியாதை எல்லாம் செய்தார்கள். அந்த மனிதர்கள் யார் என்று உட்கார்ந்து யோசிக்க மட்டும் நேரம் ஒதுக்கவில்லை. பரணில் இருந்து பாத்திரத்தை எடுத்தால் மட்டும் போதாது, சமைக்கவும் வேண்டும். அதை நான் மறுக்கப் போவதில்லை.

மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைக்கிறேன், நடுவர் அவர்களே. எக்கோவைப் பற்றிச் சொல்லாமல் இறங்க எனக்கு மனம் வராது.

மாயா லோபஸ். 1999இல் டேர்டெவில் இதழில் டேவிட் மேக்கும் ஜோ கெசாடாவும் கொண்டுவந்த பெண். காது கேளாதவள். அமெரிக்கப் பூர்வகுடிப் பெண். 2021இல் ஹாக்ஐ தொடரில் வந்தாள், 2024 ஜனவரியில் அவளுக்கென்று எக்கோ என்ற தனித் தொடர் வந்தது. நடித்தவர் அலாக்வா காக்ஸ். மெனாமினி இனத்தைச் சேர்ந்தவர், காது கேளாதவர், ஒரு கால் செயற்கைக் கால். ஹாக்ஐ தொடருக்கு முன்பு அவர் எங்கும் நடித்ததில்லை. காமிக்ஸில் மாயாவுக்கு இரண்டு காலும் உண்டு. அலாக்வா வந்தார், மாயாவுக்கும் செயற்கைக் கால் வந்தது. வேஷத்துக்குள் ஆளைத் திணிக்காமல், ஆளுக்கு ஏற்றபடி வேஷத்தைத் தைத்தார்கள். மாயாவின் இடத்தில் ஒரு புகழ்பெற்ற நாயகி இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? அந்த வேடத்துக்கு எத்தனை நட்சத்திரங்கள் வரிசையில் நின்றிருப்பார்கள்? அந்தப் படத்தில் அவளுக்கு இப்படி இல்லையே, இந்தப் பொம்மையில் அப்படி இல்லையே என்று எத்தனை பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள்?

அந்தத் தொடரில் மாயா சோக்டா என்ற பூர்வகுடி இனத்துப் பெண். சோக்டா மக்களின் ஆலோசனையோடுதான் செய்தார்கள். கதை தொடங்குவதே நியூயார்க்கில் இல்லை, சோக்டா மக்களின் தோற்றக் கதையில், ஒரு குகைக்குள். ஒரு எபிசோடில் ஊமைப் படம் போல ஒரு பகுதி வருகிறது, சோக்டா முன்னோர்களில் ஒரு பெண்ணைப் பற்றி. காது கேளாத ஒரு நாயகியின் தொடரில் ஊமைப் படம்! எவ்வளவு பொருத்தம் பாருங்கள். குடும்பத்துக்குள் பேச்சு பெரும்பாலும் சைகை மொழியில்தான். கைகள் பேசும்போது நாமும் திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தொடர் பார்க்கிற காலத்தில் இது சின்ன விஷயமா? சரி, 5 எபிசோடு போதவில்லை, முடிவை அவசரமாக முடித்துவிட்டார்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு. ஆனால் எதிரணியில் ஒருவர், அதில்கூட டேர்டெவில் வந்துதானே காப்பாற்றினார் என்று குரல் கொடுத்தார். டேர்டெவில் முதல் எபிசோடில் வருகிறார், ஒரு சண்டை போடுகிறார், போய்விடுகிறார். அவர் இல்லாத மீதிதான் என் மனதில் நிற்கிறது.

இன்னொரு விஷயம். அறியாத என்கிறோமே, யார் அறியாத? 1962இல் இங்கிலாந்தில் வாலியண்ட் என்ற வார இதழில் லூயி கிராண்டல் என்று ஒரு ஆள் வந்தார், ஸ்டீல் கிளா. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரைத் தமிழில் கொண்டுவந்தது. இரும்புக்கை மாயாவி என்றதும் இங்கே எத்தனை முகம் மலர்கிறது பாருங்கள்! சொந்த ஊரில் மங்கிப்போன பிறகும் அந்த மனிதர் நம் வீட்டுத் திண்ணைகளில் வாழ்ந்துகொண்டிருந்தார். நமக்கு அவர் யார் என்று சொல்ல ஒரு சினிமாவும் வரவில்லை, ஒரு பொம்மையும் வரவில்லை. ஒரு கதை, நல்ல ஒரு பெயர், கையில் பிடிக்கிற அளவில் ஒரு புத்தகம், அவ்வளவுதான் இருந்தது. எதிரணித் தலைவர் அவர்களே, நீங்களும் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்தான் என்று பேச வரும்போது என்னிடம் சொன்னீர்கள். முதல் நாள் அதை ஏன் கையில் எடுத்தீர்கள்? பெயர் தெரிந்தா எடுத்தீர்கள்?

மணி அடித்துவிட்டது. இரண்டே நிமிடம் கொடுங்கள் ஐயா. பெயர் தெரியாவிட்டால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

என் அம்மாவுக்கு இந்த உலகத்தில் ஒரு பெயரும் தெரியாது. அயர்ன் மேன் யார் என்று கேட்டால் இஸ்திரி போடுகிறவரா என்பார். 2024இல் அகதா ஆல் அலாங் தொடரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாண்டாவிஷன் தொடரின் கிளை அது. அகதா ஹார்க்னஸ் 1970இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழில் வந்தவள், ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நரைத்த தலைப் பாட்டியாக. அவளாவது பரவாயில்லை, கூட வருகிற சூனியக்காரிகள் காமிக்ஸின் ஓரத்திலும் ஓரம். அதில் ஒருத்தி லிலியா கால்டெரு. வயதான சிசிலிக்காரி. நடித்தவர் பாட்டி லுபோன். எபிசோடு எபிசோடாக அவள் சம்பந்தமே இல்லாமல் ஏதாவது ஒரு வரியைக் கத்திவிட்டு விழிப்பாள், பக்கத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஏழாவது எபிசோடு ஓடும்போது அம்மா காய் நறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏண்டி, அந்தம்மா யாரு?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது வருடமாகக் காமிக்ஸ் படிக்கிறவள் நான், லிலியாவைப் பற்றி ஒரு வரிகூட எனக்கு நினைவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் அவள் ஒரே அளவுக்குப் புதியவள். ஆங்கிலம் புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். லிலியாவின் வாழ்க்கை வரிசையாக நடப்பதில்லை, அவள் நாளைக்கும் நேற்றைக்கும் இடையில் விழுந்து விழுந்து எழுகிறாள், முன்னால் கத்திய வரிகளெல்லாம் இப்போது இந்த அறையில் பேசியவை என்று சொன்னேன். அம்மா காயைக் கீழே வைத்துவிட்டார்.

லிலியா மற்றவர்களைத் தப்பிக்க வைத்துவிட்டு ஒரு கோட்டைக்குள் தனியாக நிற்கிறாள். துரத்தி வந்தவர்கள் உள்ளே நுழைகிறார்கள். குறி சொல்லும் சீட்டு ஒன்றைத் தலைகீழாகத் திருப்புகிறாள், கோட்டையே தலைகீழாகிறது. எல்லோரும் விழுகிறார்கள், அவளும் விழுகிறாள். விழுந்த அந்த நொடியில் அவள் ஒரு சின்னப் பெண்ணாகத் தன் குருவின் முன்னால் முதல் பாடத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் பயமே இல்லை.

எபிசோடு முடிந்து எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், "அந்தப் பொண்ணு உக்காந்தது மொத நாளா, கடைசி நாளா?"

இரண்டும்தான் அம்மா என்றேன்.

"அப்ப மொத எபிசோட்ல இருந்து போடு. அவ என்னென்ன சொன்னான்னு நான் கவனிக்கணும்."